பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு காயத்துக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: செங்காங்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறையில் என் மைத்துனர் மகனின் பிறந்தநாள் விருந்து இங்கே சிங்கப்பூரில் ஓர் உள்ளரங்க டிராம்போலின் (துள்ளிக் குதிக்கும் மெத்தை) கூடத்தில் நடந்தது. நுழைவாயிலில் டேப்லெட் ஒன்றை நீட்டி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிரப்பி விரலால் கையெழுத்திடச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் பிள்ளைகள் பொறுமையிழந்து நின்றதால் நான் எதையும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

உள்ளே சென்று இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு டிராம்போலின்களுக்கு நடுவில் உள்ள இரும்புச் சட்டத்தை மூடியிருக்க வேண்டிய பஞ்சுத்திண்டு நகர்ந்துகிடந்ததை நான் கவனிக்கவில்லை. குதித்து இறங்கியபோது வலது கால் அந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு இடங்களில் முறிவு ஏற்பட்டு, அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகுகளும் வைத்திருக்கிறார்கள். நான் கீழே கிடந்தபோது ஓடிவந்த ஊழியர் ஒருவர் திண்டை அழுத்தி ஒட்டிவிட்டு, “காலையிலும் இது கழன்றது” என்று மற்றோர் ஊழியரிடம் சொன்னதை என் மைத்துனர் தம் காதால் கேட்டிருக்கிறார்.

நான் தனியார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். வலது காலால் பிரேக்கை மிதிக்க முடியாமல் ஏழு வாரங்களாக வீட்டில் இருக்கிறேன். காரைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாடகையும் ஓடியது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின்படி அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றும், ஆயினும் நல்லெண்ண அடிப்படையில் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகவும் பதில் வந்தது. அத்துடன் ஒரு பக்க ஆவணத்தையும் இணைத்து, அதில் கையெழுத்திட்டு அனுப்பினால் பத்து வேலை நாட்களில் பணம் வந்துவிடும் என்கிறார்கள்.

கையில் பணம் இல்லாத நேரத்தில் 800 வெள்ளி சிறிய தொகை அன்று. எனினும் மனம் ஒப்பவில்லை. நுழைவாயிலில் இட்ட கையெழுத்து என் உரிமையை முழுவதும் பறித்துவிட்டதா? வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாத நிலையில் இதை நானே எடுத்துச் செல்ல முடியுமா? சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும்படி ஒரு நண்பர் சொல்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய எழுத்தர்

சகோதரர் செங்காங்வாசிக்கு வணக்கம். நான் வழக்கறிஞர் அல்லன். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1977-ல் இயற்றப்பட்ட அச்சட்டம், 1993-ல் நிறைவேற்றப்பட்ட ஆங்கிலேயச் சட்டங்களின் பயன்பாடு பற்றிய சட்டத்தின் மூலம் நம் சட்டமாயிற்று. அதன் 2-ஆம் பிரிவு, தொழில் நடத்தும் ஒருவர் தம் கவனக்குறைவால் மற்றொருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், அதற்கான பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் எந்த அறிவிப்புப் பலகையாலும் விலக்கிக்கொள்ளவோ குறைத்துக்கொள்ளவோ முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்திட்டீர்களா, படிக்காமல் இட்டீர்களா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதே பிரிவு மேலும் ஒன்றைச் சொல்கிறது: அத்தகைய வாசகத்தை ஒருவர் ஒப்புக்கொண்டார் என்பதை மட்டும் வைத்து, அவர் ஆபத்தைத் தாமாக ஏற்றுக்கொண்டார் என்று முடிவுகட்டக் கூடாது. உங்கள் கைப்பேசியோ கண்ணாடியோ உடைந்திருந்தால் கதை வேறு. சொத்துச் சேதத்தில் அந்த வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும். உடற்காயத்தில் அந்த எடைபோடுதலும் கிடையாது.

படிவத்தைத் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள். “நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்புகளை நான் ஈடுசெய்வேன்” என்ற தொனியில் ஒரு வரி இருந்தால், அதைக் கண்டும் அஞ்ச வேண்டாம். நுகர்வோரிடம் வாங்கப்படும் அத்தகைய உறுதிமொழி நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு வழக்கு வென்றதாக எண்ணிவிடக் கூடாது. படிவம் விழுந்துவிட்டால் நீங்கள் கையெழுத்தே போடாதவர் நிலைக்கு வருகிறீர்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது, அதனால்தான் கால் முறிந்தது என்ற இரண்டையும் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. டிராம்போலினில் குதிப்பவர் எந்தக் குறையும் இல்லாத மெத்தையிலும் கால் பிசகி விழலாம். அப்படி விழுந்தால் நடத்துபவர் மீது பழி வராது. உங்கள் கதையில் கனமான பகுதி அந்த ஊழியரின் சொல்தான். திண்டு காலையிலேயே கழன்றது என்பதை அறிந்தும், அந்த இடத்தை மூடாமல் விருந்தினரை அனுமதித்தார்கள் என்றால், அது தற்செயலான விபத்து என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாகும். உங்கள் மைத்துனர் கேட்டதை, நாளும் நேரமும் குறித்து, அவர் சொற்களிலேயே இன்றே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் நினைவுக்கு அந்த மதிப்பு இருக்காது.

உங்கள் பங்கையும் அவர்கள் தோண்டுவார்கள். பிடிப்புள்ள காலுறை அணிந்திருந்தீர்களா, ஒரு மெத்தையில் ஒருவர் என்ற விதியைக் கடைப்பிடித்தீர்களா என்று கேட்பார்கள். உங்கள் மீதும் தவறு இருந்தால் கோரிக்கை முழுதாக அழியாது. பொறுப்பின் விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு குறையும்.

நண்பர் சொன்ன சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் உங்கள் காலுக்கு உதவாது. பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம் போன்றவற்றில் 20,000 வெள்ளிவரையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரையும் அங்கே கேட்கலாம்; தீங்கு தொடர்பான கோரிக்கைகளில் சொத்துச் சேதம் மட்டுமே அங்கு எடுத்துக்கொள்ளப்படும். காயத்துக்கான வழக்கு 60,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், அதற்கு மேல் 250,000 வெள்ளிவரை மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லும். இரண்டும் ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களைச் சேர்ந்தவை.

காயம் நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. இனிமையாகப் பேசிப் பேசியே மூன்றாண்டைக் கடத்திவிட்டவர்களின் கோப்புகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதியை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

மறுமொழி 2: தெம்பனிஸ் மணி

பழைய எழுத்தர் ஐயா சொன்ன சட்டத்தை ஒட்டி ஓர் அனுபவம். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி ஒரு கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கடைக்காரர்கள் பழக்கூடையோடு வீட்டுக்கே வந்தார்கள். 1,200 வெள்ளி கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய அன்பில் நாங்கள் நெகிழ்ந்துபோனோம். ஐந்து மாதம் கழித்து எலும்பு கோணலாகக் கூடியிருப்பதாக மருத்துவர் சொல்லி இரண்டாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மீண்டும் கேட்டபோது, “இறுதியான, முழுமையான தீர்வு” என்று அந்தத் தாளில் இருந்த வரியை எடுத்துக் காட்டினார்கள். நான் சந்தித்த வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மனைவியால் இன்றும் சப்பாத்தி மாவை ஒரு கையால் பிசைய முடியாது. தயவுசெய்து அந்த 800 வெள்ளித் தாளில் கையெழுத்திட வேண்டாம்.

மறுமொழி 3: காப்புறுதிப் பிரிவில் இருந்தவன்

சகோதரர் மணி சொன்னதை நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்தவன் நான். நுழைவாயிலில் வாங்கும் படிவம் காயம் நேர்வதற்கு முன்பு வாங்கப்படுவது; அதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காயத்துக்குப் பிறகு பணம் பெற்றுக்கொண்டு கையெழுத்திடும் விடுவிப்பு ஆவணம் ஒரு சமரச ஒப்பந்தம். அதை நீதிமன்றங்கள் மதிக்கும். முதல் கையெழுத்தை எண்ணி வருந்துபவர்கள் இரண்டாவது கையெழுத்தைச் சற்றும் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் நான் கண்டது.

வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பொது மக்களைக் கூட்டும் இத்தகைய கூடங்கள் பெரும்பாலும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கும். ஆகவே கிளை மேலாளருடன் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். “இந்தக் கோரிக்கையை உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, அதன் பெயரையும் கோப்பு எண்ணையும் எனக்குத் தெரிவிக்கவும்” என்று எழுதுங்கள். கிளை மேலாளருக்கு உங்கள் கோரிக்கை ஒரு தலைவலி. காப்புறுதி அதிகாரிக்கு அது அன்றாட வேலை. அவர் கோபப்பட மாட்டார், ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கும் தாள் கேட்பார்.

அதைவிட அவசரமானது கண்காணிப்புக் கேமராப் பதிவு. பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்; உங்களுக்கு ஏற்கெனவே ஏழு வாரம் கடந்துவிட்டது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தின் கையில் உள்ள உங்களைப் பற்றிய தகவலைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் உருவம் பதிவான காட்சியும் அதில் அடங்கும். நாள், நேரம், கூடத்தின் எந்தப் பகுதி என்பவற்றைக் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் பிரதி தரும்படியும் இன்றிரவே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்ட குறிப்பையும் கேளுங்கள். விருந்தில் எத்தனை பேர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள் என்று யோசியுங்கள். கேக் வெட்டும் காணொளியின் ஓரத்தில் அந்தத் திண்டு கழன்றுகிடப்பது தெரிந்தாலும் தெரியலாம்.

பணத்தை இரண்டு கணக்காக எழுதுங்கள். ரசீதால் காட்டக்கூடியவை முதல் கணக்கு: மருத்துவமனைக் கட்டணம், மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிந்த தொகை, ஊன்றுகோல், இயன்முறை சிகிச்சை, மருத்துவமனைக்குச் சென்ற டாக்சிக் கட்டணம், இழந்த வருமானம். உங்களைப் போன்ற ஓட்டுநர்கள் பலர் வருமானத்தில்தான் தடுமாறுவார்கள். செயலி காட்டும் மொத்த வசூலை எழுதினால் காப்புறுதி அதிகாரி முதல் பார்வையிலேயே அதைத் தள்ளிவிடுவார். விபத்துக்கு முந்தைய ஆறு மாத வாராந்திர அறிக்கைகளை எடுத்து, பெட்ரோலையும் கார் வாடகையையும் கழித்து, மிஞ்சிய நிகர வருமானத்தைக் காட்டுங்கள்; உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வரி மதிப்பீட்டு அறிவிப்பும் அதனுடன் பொருந்த வேண்டும். வரிக்கு ஒரு கணக்கு, இழப்பீட்டுக்கு வேறொரு கணக்கு என்று இருந்தால் உங்கள் மற்ற சொற்களும் நம்பப்படாமல் போகும். காரைத் திருப்பிக் கொடுக்கும்வரை செலுத்திய வாடகையைத் தனி வரியாக எழுதுங்கள்.

இரண்டாவது கணக்கு வலிக்கும் வேதனைக்கும், நிரந்தரக் குறை ஏதேனும் இருந்தால் அதற்கும் உரியது. 2010-ல் வெளியான, தனிநபர் காய வழக்குகளில் பொது இழப்பீட்டை மதிப்பிடும் வழிகாட்டி நூல் ஒன்றில், உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் காயத்தின் கடுமைக்கு ஏற்பத் தொகை வரம்புகள் தரப்பட்டுள்ளன. வழக்கறிஞர்களும் காப்புறுதி அதிகாரிகளும் அதைப் புரட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். உங்கள் காயம் அதில் எந்தப் படியில் விழுகிறது என்பதை மருத்துவ அறிக்கைதான் தீர்மானிக்கும். அந்த அறிக்கைக்கு மருத்துவமனை கட்டணம் வசூலிக்கும். அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம். தகட்டைப் பின்னால் அகற்ற வேண்டியிருக்குமா, மூட்டுத் தேய்மானம் வர வாய்ப்புண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சமரசத்துக்காக எழுதும் கடிதங்களின் தலைப்பில் “வித்தவுட் பிரெஜுடிஸ்” என்று குறிப்பிடுவது வழக்கம். உடன்பாடு எட்டாவிட்டால், அந்தக் கடிதத்தில் நீங்கள் இறங்கிவந்த தொகையை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாமல் அது பொதுவாகக் காக்கும். சம்பவத்தை விவரித்து முதன்முதலாக எழுதும் கோரிக்கைக் கடிதத்தில் அதைப் போடாதீர்கள். அந்தக் கடிதம் பின்னால் உங்களுக்குச் சான்றாகப் பயன்பட வேண்டும்.

என் கருத்தில், இந்த அளவுள்ள கோரிக்கையைப் பொறுமையும் ஒழுங்கும் உள்ள ஒருவர் சமரசம்வரை தாமே கொண்டுசெல்லலாம்.

மறுமொழி 4: பூன் லே தொழிலாளி

ஒரு சிறு குறிப்பு, வேறு எவருக்காவது பயன்படலாம். இதே காயம் வேலையிடத்தில், வேலையின்போது நேர்ந்திருந்தால் வழி முற்றிலும் வேறு. 2019-ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே மனிதவள அமைச்சின் வழியாகக் கோரலாம், ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. என் அறைத்தோழர் ஒருவர் ஊரிலிருந்து வந்த புதிதில், “காயம் பட்டால் எதுவும் கேட்க மாட்டேன்” என்ற தாளில் கையெழுத்திட்டதால் தமக்கு உரிமையில்லை என்று எண்ணிப் பல வாரங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாள் சட்டத்தின் முன் நிற்காது.

செங்காங்வாசி:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவே பதிவைக் காக்கும்படி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மைத்துனரும் எழுதிக் கொடுத்துவிட்டார். 800 வெள்ளி ஆவணத்தில் கையெழுத்திடவில்லை. மேலும் இரண்டு ஐயங்கள். மருத்துவமனைக் காத்திருப்புப் பகுதியில் சந்தித்த ஒருவர், தாம் எல்லாவற்றையும் பேசி முடித்துத் தருவதாகவும், கிடைக்கும் தொகையில் முப்பது விழுக்காடு மட்டும் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். இது முறையானதா? மற்றொன்று, விழுந்த அன்று என் எட்டு வயது மகளும் அதே இடைவெளியில் கால் வைத்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவளுக்கான படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். அவளுக்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

மறுமொழி 5: பழைய எழுத்தர்

அந்த மனிதரிடமிருந்து விலகி நில்லுங்கள். வழக்கறிஞர் அல்லாத ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு காய இழப்பீட்டைப் பேசித் தருவது வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ்க் குற்றம். வழக்கறிஞர்களும்கூட இத்தகைய வழக்கில் வெல்லும் தொகையில் பங்கு கேட்கச் சிங்கப்பூரில் அனுமதியில்லை. வென்றால் மட்டும் கட்டணம் என்று இணையத்தில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயப் பக்கங்கள். பொறுப்புத் துறப்புப் படிவம் செல்லும், செல்லாது என்று அமெரிக்கப் பக்கங்கள் சொல்வதையும் இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்; அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

மகளைப் பொறுத்தவரை, நீங்கள் இட்ட கையெழுத்து அவளுடைய காயத்துக்கும் நிறுவனத்தைக் காப்பாற்றாது. மேலே சொன்ன 2-ஆம் பிரிவு பிள்ளைகளையும் காக்கிறது. சிராய்ப்பு ஆறிவிட்டதென்றால் புகைப்படத்தையும் மருந்தகக் குறிப்பையும் பத்திரப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவள் விழுந்தது உங்கள் வழக்குக்கு உதவும்: அதே இடைவெளியில் ஒரே நாளில் இருவர் கால் வைத்திருக்கிறார்கள். உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் அதைத் தவறாமல் எழுதுங்கள். வயது வராதவருக்காக வழக்கு நடக்கும்போது சமரசம் செய்வதென்றால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனம் அனுப்பும் ஆவணம் எதிலாவது “நானும் என் குடும்பத்தாரும்” என்ற சொற்கள் இருந்தால், அதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

காப்புறுதிப் பிரிவில் இருந்த சகோதரரிடம் நான் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தோல் காயமென்றால் நீங்களே பேசி முடியுங்கள் என்று நானும் சொல்வேன். எலும்புக்குள் தகடு இருக்கும்போது, கால் எந்த நிலையில் போய் நிற்கும் என்பது மருத்துவருக்கே இன்னும் தெரியாத போது, தொகைக்குச் சம்மதிக்கும் முன் ஒருமுறையாவது வழக்கறிஞர் ஒருவரின் கண்ணில் அந்தத் தாள் பட வேண்டும். அதற்குப் பெரும் செலவு ஆக வேண்டியதில்லை. புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் சமூகச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் முன்பதிவு செய்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் இலவசமாகக் குறுகிய நேரம் பேசலாம்; நேரம் குறைவு என்பதால் சம்பவத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஆவணத்தின் நகலையும் மருத்துவ அறிக்கையையும் மேலே வைத்துக் கொண்டுபோங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானத் தகுதி இருந்தால் அரசின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவில் விண்ணப்பிக்கலாம். ஏழு வாரமாக வருமானம் இல்லாத உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அரசு நீதிமன்றங்களில் உள்ள சமூக நீதி நிலையம், தாமே வழக்காடுபவர்களுக்குப் படிவங்களையும் நடைமுறையையும் விளக்கி உதவுகிறது. வழக்கு விசாரணைக்குப் போய்த் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பகுதியை நீங்கள் ஏற்க நேரலாம் என்பதையும் அங்கே விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6: காப்புறுதிப் பிரிவில் இருந்தவன்

ஐயா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். தகடு வைத்த காலை நான் சற்று இலேசாக எடுத்துக்கொண்டுவிட்டேன். அதோடு ஒன்று: நிறுவனத்துக்கு எழுதும் பதிலில் 800 வெள்ளியைக் கோபமாக நிராகரிக்க வேண்டாம். சிகிச்சை முடியாததால் இப்போது எந்த விடுவிப்பு ஆவணத்திலும் கையெழுத்திட இயலாது என்றும், மருத்துவச் செலவுக்கு முன்பணமாக ஏதேனும் தர விரும்பினால் அதை இறுதித் தொகையில் கழித்துக்கொள்ளும் நிபந்தனையோடு பெற்றுக்கொள்ளத் தயார் என்றும் இரண்டு வரி எழுதுங்கள். தருவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு உங்களுக்குச் செலவில்லை, கதவும் திறந்தே இருக்கும்.

செங்காங்வாசி:

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாண்டு முடியும் தேதியைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நாட்காட்டியில் என் மனைவி சிவப்பு மையால் எழுதிவிட்டார். சட்ட ஆலோசனைக் கூடத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். அடுத்த மாதம் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது, ஐயா சொன்னபடி தகட்டைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்கி வந்து, இங்கே தெரிவிக்கிறேன்.